காலி மணல் என்று நான் எழுதிய இடம்

சிறுதாழைக்கு இப்போது போகிறவர்கள் முதலில் பார்ப்பது, ஆங்கிலத்தில் ஆளுயரத்துக்கு நட்டு வைத்திருக்கும் ஊர்ப் பெயரைத்தான். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம் வரிசையில் நிற்கிறது. திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்ட கையோடு வேனில் வருகிறவர்கள், மதுரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வருகிறவர்கள், எல்லோருக்கும் அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் வேண்டும். அந்த எழுத்துகள் நிற்கிற மணலில் எட்டு வருஷத்துக்கு முன்பு பெண்கள் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர். என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'காலி மணல், அனுபவிப்பவர் எவருமில்லை' என்று என் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

என் பெயர் தில்லைநாயகம். நில அளவராக முப்பத்துமூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வண்ணார்பேட்டையில் வீடு. இது என் கதை இல்லை, வடிவம்மாளின் கதை. ஆனால் அவள் கதையைச் சொல்ல வேண்டுமானால் நான் பண்ணின கோளாறையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பூசி மெழுகிச் சொல்வதில் எனக்கு இனிமேல் என்ன லாபம்?

வடிவம்மாள் சாத்தான்குளத்துப் பக்கம் பனங்காட்டு ஊரில் பிறந்தவள். கல்யாணம் முடித்து வந்த அன்றுதான் கடலை முதன்முதலாகப் பார்த்தாளாம். இவ்வளவு தண்ணீரையும் வைத்துக்கொண்டு குடிக்க ஒரு வாய் இல்லையே என்று நினைத்தாளாம். புருஷன் பிச்சைக்கண்ணு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். அவன் கொண்டுவருகிற நெத்திலியைக் கழுவி, பழைய வலையை மணலில் விரித்து, அதன்மேல் பரப்பிக் காயவைப்பது அவள் வேலை. நெத்திலிக்கு உப்புகூட வேண்டாம். வெயிலும் காற்றும் கீழே சூடான மணலும் போதும். மணல் கொதிக்கத் தொடங்குமுன் ஒருதரம் புரட்டிவிட வேண்டும், காக்கையை விரட்ட வேண்டும், சாயங்காலம் ஈரக்காற்று இறங்குமுன் அள்ளிவிட வேண்டும். இதைக் கேட்டால் சின்ன வேலை மாதிரி இருக்கும். வெயிலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும்.

பிச்சைக்கண்ணு பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு கடலில் போனவன் திரும்பவில்லை. அப்போது மகன் சுடலைமணிக்கு எட்டு வயது. அவனைப் படிக்கவைத்து வேறு வேலைக்கு அனுப்பத்தான் அவள் ஆசைப்பட்டாள். பாலிடெக்னிக் முடித்தவன் இரண்டு வருஷம் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று திரும்பி வந்து வள்ளத்தில் ஏறிவிட்டான். இன்றைக்கு அவன் கொண்டுவருகிற மீனை அவள் காயவைக்கிறாள். அவள் கருவாட்டுக்குச் சாத்தான்குளம் சந்தையில் காத்திருந்து வாங்குகிறவர்கள் உண்டு. வியாபாரத்தில் ஒரு குறையும் இல்லை. மீன் இருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, செய்யக் கை இருக்கிறது. பிடுங்கப் பார்ப்பது அந்த மணலை மட்டும்தான்.

இனி என் கோளாறுக்கு வருகிறேன். அது ஒரு மாசி மாதம். கடற்கரையில் யார் யார் எந்த இடத்தை அனுபவிக்கிறார்கள் என்று அளந்து எழுதி வரச்சொல்லி மேலிடத்து உத்தரவு. நான் சைவ வீட்டில் பிறந்தவன், மீன் வாடை பட்டாலே எனக்குத் தலை வலிக்கும். மூக்கில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு மணலில் இறங்கினேன். முதலில் இருந்தவள் வடிவம்மாள்.

"ஏம்மா, இது உன் இடமா?"

"எங்க இடமெல்லாம் இல்ல சார்."

"பின்ன யாரு இடம்?"

"கடலோட இடம். நாங்க காயப்போடுதோம், அவ்வளவுதான்."

அடுத்தவளைக் கேட்டேன். அவளும் தன் இடம் இல்லை என்றாள். ஏழு பேரைக் கேட்டேன், ஏழு பேரும் அதையே சொன்னார்கள். எட்டாவது ஆளைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. எல்லோரும் இல்லை என்றால் இல்லைதானே என்று ஜீப்பில் உட்கார்ந்து எழுதினேன். முப்பத்தெட்டுப் பேர் குனிந்து மீன் புரட்டிக்கொண்டிருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே 'எவருமில்லை' என்று எழுதிய மனுஷனை என்ன சொல்லித் திட்டலாம் என்று இப்போது நானே யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகு ஊர் மாறியது. யாரோ ஒரு பையன் சிறுதாழைக் கடலை மேலேயிருந்து படம் பிடித்துப் போட்டான், லட்சக்கணக்கில் பார்த்தார்களாம். பஜ்ஜிக் கடை வந்தது, குதிரை வந்தது, மணலில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டி வந்தது. பின்னாலேயே 'நீலமணல்' என்று ஒரு ரிசார்ட் வந்தது. நீச்சல் குளத்தோடு வந்தது. எதிரில் கடல் கிடக்க, உள்ளே குளம் வெட்டிக் குளிக்கிறார்கள்.

அந்த ரிசார்ட் சுவரில் தலையில் கூடை சுமந்த மீன்காரியின் படம் ஒன்று இரண்டு மாடி உயரத்துக்கு வரைந்திருக்கிறார்கள். அழகான படம்தான். அதன் கீழே நிற்கிற காவலாளி, நிஜமாகவே கூடை சுமந்து வருகிற பெண்களைப் பார்த்து விசில் ஊதி அந்தப் பக்கம் போகச் சொல்கிறான். விருந்தாளிகள் காலையில் நடக்கிறார்கள், அதனால் பத்து மணிக்குமேல் காயப்போடுங்கள் என்று முதலில் சொன்னார்கள். பத்து மணிக்கு மணல் கொதித்துவிடும், அதற்குள் மீனைப் புரட்டியே முடித்திருக்க வேண்டும். அப்போது போய்ப் பரப்பச் சொன்னால்? அடுத்து, வடக்குப் பாதியில் அந்த எழுத்துகளை நட்டார்கள். பெண்கள் தெற்கே நெருக்கியடித்துக்கொண்டார்கள். பிறகு ரிசார்ட்காரர்கள் துர்நாற்றம் என்று மனு கொடுத்தார்கள். அதே ரிசார்ட்டின் சாப்பாட்டுக் கூடத்தில் நெத்திலிக் கருவாட்டு வறுவல் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள். தட்டில் இருந்தால் மணம், மணலில் கிடந்தால் நாற்றம்.

கடைசியாக, மீதி மணலையும் 'அழகுபடுத்த' ரிசார்ட்டுக்குக் குத்தகைக்கு விடப்போவதாக இந்த வருஷம் பங்குனியில் தாலுகா ஆபீஸிலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து சொல்லலாம் என்றும் அதில் இருந்தது. கூடவே என் அறிக்கையின் நகலும் இருந்தது.

அந்த நகலை எடுத்துக்கொண்டு வடிவம்மாள் வண்ணார்பேட்டைக்கு வந்துவிட்டாள். கையெழுத்தின் கீழே இருந்த பெயரை வைத்து விசாரித்து, மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். என் மனைவி கோமு உள்ளே வரச் சொன்னாள்.

"இல்லம்மா, சைவ வீடு. நான் கருவாட்டுக்காரி. இங்கனயே நிக்கேன்."

"வீட்டுக்கு வந்தவங்களைத் தெருவுல நிப்பாட்டுத பழக்கம் எங்களுக்கு இல்ல. உள்ள வந்து உக்காருங்க," என்று கோமு அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து காப்பி கொடுத்தாள்.

வடிவம்மாள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காகிதத்தை நீட்டி, "சார், அன்னைக்கு நீங்க வந்தப்ப நாங்க அங்கனதான இருந்தோம். இங்க ஒருத்தரும் இல்லன்னு எழுதியிருக்கியளே?" என்று மட்டும் கேட்டாள்.

"நீங்கதானம்மா உங்க இடம் இல்லன்னு சொன்னிய?"

"அது சொல்லப்பிடாதுலா சார்."

அப்போதுதான் அந்த வழக்கம் எனக்குத் தெரிந்தது. சிறுதாழையில் எந்தப் பெண்ணும் கடல் மணலை என் இடம் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டாள். சொன்னால் கடல் கேட்டுக்கொண்டிருக்குமாம். உனக்கு இது சொந்தமா, அப்படியானால் எனக்கு உன்னிடமிருந்து ஒன்று சொந்தம் என்று எடுத்துக்கொள்ளுமாம். ஆனால் அடுத்தவள் இடத்தை அவள் இடம் என்று சொல்லலாம், அதில் தோஷம் இல்லை. வடிவம்மாளின் இடத்தைப் பக்கத்து இடத்து முத்துராணி 'வடிவு இடம்' என்பாள். முத்துராணியின் இடத்தை வடிவம்மாள் 'முத்துராணி இடம்' என்பாள். இப்படியே ஒருத்தி மாற்றி ஒருத்தி முப்பத்தெட்டு இடத்துக்கும் பெயர் உண்டு, எல்லை உண்டு. எல்லைச் சண்டைகூட உண்டு.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வடிவம்மாளிடம், "பக்கத்து இடம் யாருடையது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மொத்தக் கடற்கரையும் அரை மணி நேரத்தில் என் நோட்டில் ஏறியிருக்கும். முப்பத்துமூன்று வருஷ அனுபவத்தில் அந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை. தலைவலி வந்துவிடுமே என்கிற அவசரம்தான் தோன்றியது.

கோமு என்னைப் பார்த்து, "மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனா, காதும் சேந்து அடைச்சுக்கிடும் போல," என்றாள்.

விசாரணைக்கு நானும் வருகிறேன், என் அறிக்கை தப்பு என்று சொல்கிறேன் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "அம்மா, நீங்களும் அங்க வந்து என் இடம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதெல்லாம் மனசுல உள்ள பயம். ஒரு வார்த்தையில என்ன ஆயிரப்போவுது?" என்று பெரிய மனுஷத்தனமாகப் புத்தியும் சொன்னேன். அவள் காப்பி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வாரேன் சார்," என்று கிளம்பினாள்.

விசாரணை சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை, தாலுகா ஆபீஸில். முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் ஒரு லாரியில் வந்திருந்தார்கள். பத்து மணிக்கு வரச்சொன்னவர்கள் பன்னிரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். தாழ்வாரத்தில் காத்திருக்கும்போது முத்துராணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வடிவம்மாளைவிட நாலைந்து வயது இளையவள், வெடுக்கென்று பேசுகிறவள்.

"அண்ணாச்சி, நீங்க வடிவுகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னியளாமே?"

"ஆமா. சொன்னா என்னம்மா?"

"அவ ஏற்கெனவே ஒருக்கா சொன்னவ." முத்துராணி குரலை இறக்கிக்கொண்டாள். "எங்க ரெண்டு பேருக்கும் எல்லையில சண்டை. ஒரு முழ மணலுக்கு. நான்தான் வம்புக்கு இழுத்தேன். அவளுக்கு ஆத்திரம் வந்து, இது என் இடம்டின்னு கத்திட்டா. அது திங்கக்கிழமை. புதன்கிழமை பிச்சைக்கண்ணு அண்ணன் போன வள்ளம் கவுந்துச்சு. நாலு பேரு நீந்தி வந்துட்டாவ, அவரு மட்டும் வரல."

முத்துராணி, தள்ளி நின்ற வடிவம்மாளை ஒருதரம் பார்த்துவிட்டு மேலே சொன்னாள்.

"அன்னையிலருந்து நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு. அவ நம்புதாளா? நானே நம்புதேனா? சுடலைமணி இன்னைக்கு விடியக்காலம் கடலுக்குப் போயிருக்கான் அண்ணாச்சி. சும்மா இருங்க நீங்க."

புருஷன் சாவுக்குத் தன் வார்த்தைதான் காரணம் என்று பத்தொன்பது வருஷமாக ஒரு பெண் சுமந்துகொண்டிருக்கிறாள். அவளிடம் போய், ஒரு வார்த்தையில் என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்டிருக்கிறேன். அந்தத் தாழ்வாரத்தில் எனக்கு வந்த வெட்கம் போல என் வாழ்நாளில் வந்ததில்லை.

விசாரித்த அதிகாரி மும்தாஜ் பேகம். நல்ல அம்மாள்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். ரிசார்ட் தரப்பில் பாலசுப்பிரமணியன் என்று ஒரு வக்கீல். நான் எழுந்து, என் அறிக்கை தப்பு, அங்கே அன்றைக்கு ஆட்கள் இருந்தார்கள், நான் ஒழுங்காக விசாரிக்கவில்லை என்றேன்.

வக்கீல் மரியாதையாகக் கேட்டார். "இடம் தங்களுது இல்லைன்னு அவங்களே உங்ககிட்ட சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க. ஆனா..."

"சொன்னாங்க. அது போதும் சார்."

வழக்கத்தை விளக்கினேன். முத்துராணி எழுந்து, பழைய நங்கூரக் கல்லிலிருந்து கொட்டகைக் கால் வரைக்கும் வடிவு இடம் என்றாள். அடுத்தவள் எழுந்து முத்துராணி இடத்தைச் சொன்னாள். ஒவ்வொருத்தியாக எழுந்து, பக்கத்தில் நிற்கிறவளைக் கையால் தொட்டு, இவள் இடம் இது, இவள் இடம் இது என்று முப்பத்தொரு பேரும் சொல்லி முடித்தார்கள். வராதவர்களின் இடத்தையும் விடாமல் சொன்னார்கள். நான் அளந்திருந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுக்கவில்லை. பொய்ச்சாட்சி என்றால் அதில் ஓர் இடமாவது இடித்திருக்கும். அதைவிடப் பெரிய அத்தாட்சி எந்த ஆபீஸில் கிடைக்கும்?

மும்தாஜ் பேகம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா இந்தப் படிவத்துல, ஆட்சேபிக்கிறவங்க தங்க அனுபவத்துல இருக்கற இடம்னு தாங்களே சொல்லணும். அடுத்தவங்களுக்காகச் சொல்றதை நான் பதிய முடியாது. ஒருத்தராவது சொன்னாப் போதும், குத்தகையை நிறுத்திட்டு மறுபடியும் அளக்க உத்தரவு போடறேன். ஒருத்தரும் சொல்லலைன்னா, ஆட்சேபணை இல்லைன்னுதான் எழுதணும்."

"அவங்க சொன்னதெல்லாம் என்னம்மா அப்ப?" என்று நான் கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "முப்பத்தொரு பேரு நின்னு சொல்லுதாங்க. ஒரு கட்டம் இல்லங்கறதுக்காக அதெல்லாம் காத்தோட போயிருமா?"

"உக்காருங்க சார்," என்றார் அவர். வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த வருத்தத்தை எங்கே கொண்டுபோய்க் காயப்போடுவது?

எல்லோர் வீட்டிலும் ஓர் ஆண் அன்றைக்குக் கடலில் இருந்தான். ஒருத்தி தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். இந்தப் பெண்களுக்குச் சட்டம் வைத்த நியாயம் இவ்வளவுதான்: மீன் காய மணல் வேண்டுமா, அப்படியானால் உன் பிள்ளை உயிரை நடுவில் வை. சட்டம் எழுதியவனுக்கு அது தெரியாது. தெரியாது என்பது ஒரு சமாதானமா? எனக்கும்தான் தெரியாமல் இருந்தது.

வடிவம்மாள் எழுந்தாள். முத்துராணி அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, இரி. வேண்டாம்."

நானும் எழுந்து, "அம்மா, நீங்க சொல்லாண்டாம். வேற வழி பாக்கலாம்," என்றேன். வேறு வழி எதுவும் என்னிடம் இல்லை.

அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். ஒரு சாதாரணத் தகவல் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"எழுதிக்கிடுங்கம்மா. அது என் இடம்."

மும்தாஜ் பேகம் எழுதினார். கையெழுத்து வாங்கினார். குத்தகை நிறுத்திவைக்கப்படுகிறது, மறு அளவை செய்யப்படும் என்று வாசித்தார். வக்கீல் கோப்பைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஜெயித்துவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. பெண்கள் வடிவம்மாளைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். முத்துராணி அழுதாள்.

வெளியே வந்ததும் வடிவம்மாள் போனை எடுத்து மகனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று அந்தப் பெண் குரல் சொன்னது. கடலில் எட்டு மைலுக்கு அப்பால் என்றைக்குமே சிக்னல் கிடையாது, அது அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் மறுபடி அடித்தாள். லாரியில் ஏறும்போதும் அடித்துக்கொண்டிருந்தாள்.

நான் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். கோமு சாப்பாடு போட்டாள், இறங்கவில்லை. இந்த மாதிரி நம்பிக்கை எதுவும் இல்லாதவன் நான். அன்றைக்கு மத்தியானம் முழுக்க, அந்தப் பையன் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினேன். நாலரை மணிக்குப் போன் வந்தது.

"வந்துட்டான் சார்," என்றாள் வடிவம்மாள்.

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. "பாத்தியளாம்மா? நான் சொன்னேன்லா, ஒண்ணும் ஆகாதுன்னு. இனி நிம்மதியா இருங்க," என்று படபடவென்று பேசினேன்.

நான் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு அவள் பையச் சொன்னாள்.

"நாளைக்கும் போவான்லா சார்."